ஹெர்ஷிபார்க்குக்கு மாமியாரையும் நாலு வயசுக்காரியையும் கூட்டிப் போகலாமா?

வாசகர் கேள்வி: ஜூன் 3, 2025

ஜூலையில் ஊரிலிருந்து மாமியார் வருகிறார். 66 வயது, முழங்கால் வலி. பையனுக்கு 8, பெண்ணுக்கு 4. நயாகரா, பிட்ஸ்பர்க் பெருமாள் கோயில் இரண்டும் முடிவாகிவிட்டது. நடுவில் ஒரு நாள் பென்சில்வேனியாவில் இருக்கிற ஹெர்ஷிபார்க் கேளிக்கைப் பூங்காவைப் போடலாமா? சாக்லேட் பார்க் என்கிறார்கள், வீடியோவில் பார்த்தால் எல்லாம் தலைகீழாகச் சுற்றுகிற ரோலர் கோஸ்டராக இருக்கிறது. சின்னவளுக்கும் மாமியாருக்கும் அங்கே என்ன இருக்கிறது? காசு வீணா?

ஜூன் 3, இரவு 10:20

போகலாம். ஆனால் வயசைச் சொல்லியிருக்கிறீர்கள், உயரத்தைச் சொல்லவில்லை. அங்கே எல்லாமே இன்ச் கணக்கு. அந்தக் கணக்குக்கும் மிட்டாய்ப் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். 36 இன்ச்சுக்குக் கீழே மினியேச்சர்ஸ். 36 தொட்டால் கிஸ்ஸஸ், 42 தொட்டால் ரீஸஸ், 48-க்கு ஹெர்ஷிஸ், 54-க்கு ட்விஸ்லர்ஸ், 60-க்கு மேல் ஜாலி ராஞ்சர். எந்த மிட்டாய் தனியாக ஏறலாம், எதற்குப் பெரியவர் துணை வேண்டும் என்று ரைடு வாசலிலேயே போட்டிருக்கும். உங்கள் சின்னவள் கிஸ்ஸஸா ரீஸஸா என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் நாள் எப்படிப் போகும் என்பது.

42-க்குக் கீழே என்றால் அவளுக்குப் பெரிதாக எதுவும் கிடையாது. ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள்.

ஜூன் 3, இரவு 11:05

ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

2023 ஜூலையில் போனோம். நான், கணவர், 9 வயசுப் பெரியவன், 5 வயசுச் சின்னவள், ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் சின்னவளைச் சமையலறைக் கதவோரம் நிற்க வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். 42-க்கு மேலேயே வந்தது. "நீ ரீஸஸ்டீ" என்று நானே சொன்னேன். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. நியூ ஜெர்சியிலிருந்து மூன்று மணி நேரம் காரில், "நான் ரீஸஸ், அண்ணா ஹெர்ஷிஸ், அப்பா ஜாலி ராஞ்சர், பாட்டி என்ன மிட்டாய்?" என்று நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அங்கே அளவுப் பலகை முன்னால் போய் நின்றாள். தோளைப் பின்னுக்குத் தள்ளி, கழுத்தை நீட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு. அளக்கிற பெண்ணுக்குக் கல்லூரி படிக்கிற வயசுதான் இருக்கும். குனிந்து, அவள் உச்சிக் குடுமியை ஒரு விரலால் மெதுவாக அமுக்கினாள். தலைக்கும் கோட்டுக்கும் நடுவில் அரை இன்ச் இடைவெளி தெரிந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் குடுமியோடு சேர்த்து அளந்திருக்கிறேன்.

"அப்போ நான் கிஸ்ஸஸா? கிஸ் சின்னதுதானேம்மா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என் கையை விட்டுவிட்டுப் பாட்டி கையைப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 4, காலை 7:30

நேற்று 10:20 குறிப்பின் கடைசி இரண்டு வரிகளை எடுத்துக்கொள்ளாதீர்கள். காலையில் கணவர் படித்துவிட்டு, "அன்னிக்கு அவ இறங்கவே மாட்டேன்னு அடம் பிடிச்சா, அது உனக்கு ஞாபகம் இல்லையா?" என்றார். ஞாபகம் வந்தது.

கோகோ க்ரூசர் என்று ஒரு குட்டி கோஸ்டர், 36 இன்ச் போதும். அவள் ஏறிய முதல் கோஸ்டர் அதுதான். நான்கு முறை ஏறினாள். நான்காவது முறை கையைத் தூக்கிக்கொண்டே வந்தாள். ரீஸஸ் கப்ஃப்யூஷன் இருட்டுக்குள் வண்டியில் போய்க்கொண்டே குறி பார்த்துச் சுடுகிற விளையாட்டு, எல்லா உயரத்துக்கும் உண்டு. அதில் அண்ணனைவிட அதிகப் புள்ளி எடுத்துவிட்டாள், அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். 1961-லிருந்து ஓடுகிற ட்ரை கல்ச் ரயில் இருக்கிறது, இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கென்றே வரிசையாக ரைடுகள் இருக்கின்றன.

கிஸ்ஸஸ் உயரத்துக்கே அங்கே ஒரு நாள் போதாது. அவள் முகம் வாடியது நான் கொடுத்த வாக்கினால். அந்த இடத்தின் மேல் அதைச் சுமத்தியிருக்கக் கூடாது. தள்ளிப் போட வேண்டாம், போங்கள்.

ஜூன் 5, இரவு 9:40

மாமியார் பற்றி. முழங்கால் வலி என்றால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது மேடும் பள்ளமுமான இடம். படம் பார்த்தால் சமதரையாகத் தெரியும். நடந்தால்தான் தெரியும். சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், கூச்சப்படாமல் எடுத்துவிடுங்கள். அம்மா "எனக்கெதுக்கு" என்று மறுத்துவிட்டார், மதியத்துக்குள் பெஞ்சைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

சாக்லேட் வேர்ல்ட் பார்க் வாசலுக்கு வெளியே, பக்கத்திலேயே இருக்கிறது. உள்ளே போக டிக்கெட் வேண்டாம். கொக்கோ காய் சாக்லேட் ஆகிற வழியைக் காட்டும் ஒரு ரைடு, அதுவும் இலவசம். வண்டி நிற்காமல் மெதுவாக நகரும், ஏறுகிற மேடையும் கூடவே சுற்றும், அதனால் ஏற முடிகிறது. கால் முடியாதவர் என்று முன்கூட்டியே ஊழியரிடம் சொல்லிவிடுங்கள். உள்ளே மூன்று மாடுகள் பாட்டுப் பாடும். இறங்கும்போது கையில் ஒரு சாக்லேட் கொடுப்பார்கள். குளிர்ச்சியான இடம், உட்கார்ந்துகொண்டே போகலாம். அம்மா மூன்று தடவை போனார். "மாடு பாடறது நல்லாத்தான் இருக்கு, ஆனா பால் கறக்கிறவன் ஒருத்தனையும் காணோமே" என்றார். மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை, வெயில் கொளுத்தும் நேரத்துக்கு இதை ஒதுக்கி வையுங்கள்.

கிஸ்ஸிங் டவர் 1975-இல் கட்டியது, 330 அடி. கூம்பு மாதிரி இருக்கும் கிஸ்ஸஸ் சாக்லேட்டின் வடிவத்தில் ஜன்னல். உட்கார்ந்தபடி மேலே போய் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி ஊரைப் பார்த்துவிட்டு இறங்கலாம். ஸூஅமெரிக்கா என்ற மிருகக்காட்சி சாலைக்கு பார்க்குக்குள்ளிருந்தே பாலம் போகிறது, அதே டிக்கெட் செல்லும். கருங்கரடி, புல்வெளி நாய் என்று வட அமெரிக்க விலங்குகள் மட்டும். கூட்டமும் இரைச்சலும் குறைவு.

ஜூன் 5, இரவு 10:30

குதிரை ராட்டினத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், அதனால் மேலே விட்டேன்.

1919-இல் பிலடெல்பியா டொபாகன் கம்பெனி செய்தது. ஹெர்ஷிக்கு 1945-இல் வந்தது. 66 குதிரைகள், எல்லாம் கையால் செதுக்கிய மரம். இரண்டு ரதங்களும் உண்டு. இப்போது நுழைவாசலுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

அம்மா முதலில் ரதத்தில்தான் உட்கார்ந்தார், பக்கத்தில் சின்னவள். இறங்கிய பிறகு கொஞ்ச நேரம் குதிரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயசில் தேர்த் திருவிழாவில் ராட்டினம் வருமாம். "பொம்பளப் புள்ள ஏறக் கூடாது" என்று தாத்தா அனுமதிக்கவே இல்லையாம். தம்பிகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு அவர்கள் செருப்பைக் காவல் காப்பதுதான் அம்மாவின் வேலையாம். எனக்கு இந்தக் கதையே அதுவரை தெரியாது.

"இன்னொரு தடவை போலாமா?" என்று கேட்டது அம்மாதான். ஏறி இறங்காத, நிற்கிற குதிரையாகப் பார்த்து, கணவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டோம். உட்கார்ந்ததும் முதலில் குதிரையின் பிடரியைத் தடவிப் பார்த்தார், நிஜக் குதிரையைத் தடவுவதுபோல. செதுக்கிய மயிரின் வரிவரியான பள்ளங்கள் பெயின்ட்டுக்கு அடியிலும் கைக்குத் தெரிகிறது. சுற்ற ஆரம்பித்ததும் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். எங்களைப் பார்த்துக் கையெல்லாம் ஆட்டவில்லை. 67 வயசில் முதல் ராட்டினம்.

காசு வீணா என்று கேட்டிருந்தீர்கள். என் பதில் இதுதான்.

ஜூன் 6, காலை

புடவை பற்றி ஒரு வரி. முந்தானையும் துப்பட்டாவும் எந்த ரைடிலும் தொங்கக் கூடாது, ராட்டினத்தில்கூட. இடுப்பில் சுற்றிச் செருகி ஊக்கு குத்திவிடுங்கள். அம்மா சுடிதார் போட்டு, துப்பட்டாவைக் காரிலேயே வைத்துவிட்டு வந்தார்.

ஜூன் 8, மாலை

"அப்படியே ஃபேக்டரியையும் பார்த்துவிடலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. ஒரு காலத்தில் நிஜத் தொழிற்சாலைக்குள்ளேயே சுற்றிக் காட்டினார்கள். கூட்டம் தாங்காமல் 1973-இல் நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாகத்தான் அதே ஆண்டு சாக்லேட் வேர்ல்ட் திறந்தார்கள். ரைடில் பார்ப்பதெல்லாம் மாதிரிக்குச் செய்துவைத்த எந்திரங்கள்தான். இதை மாமியாரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். "நிஜமா செய்யறாங்களா இங்க?" என்று அம்மா கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஊர் மட்டும் நிஜம். சாக்லேட் அவென்யூ, கோகோ அவென்யூ என்றே தெருப் பெயர். சாக்லேட் அவென்யூவில் விளக்குக் கம்பங்களின் தலை கிஸ்ஸஸ் வடிவத்தில் இருக்கும், சிலது வெள்ளித்தாள் சுற்றியது, சிலது சுற்றாதது. பிள்ளைகளைத் தூங்கவிடாமல் காரில் அந்தத் தெரு வழியாக ஒரு தடவை மெதுவாகப் போங்கள். ஜன்னலுக்கு ஒருவராக "சுத்தினது, சுத்தாதது" என்று எண்ணிக்கொண்டே வருவார்கள்.

ஜூன் 9, இரவு

அந்த ஊரைக் கட்டிய மில்டன் ஹெர்ஷியின் கதையை டவரில் உட்கார்ந்து பெரியவனுக்குச் சொன்னேன். பிறந்தது 1857. படிப்பு நாலாவதோடு சரி. பிலடெல்பியாவில் மிட்டாய்க் கடை வைத்தார், மூழ்கியது. நியூயார்க்கில் வைத்தார், அதுவும் மூழ்கியது. பிறகு லான்காஸ்டரில் பாலில் செய்த காரமல் மிட்டாய் கைகொடுத்தது. 1900-இல் அந்தக் காரமல் கம்பெனியை 10 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு, சாக்லேட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். பிறந்த ஊர்ப் பக்கமே வந்து, மாடுகள் மேய்கிற நிலத்தின் நடுவே 1905-இல் தொழிற்சாலையைக் கட்டி முடித்தார். பால் பக்கத்திலேயே கிடைக்கும் என்பதுதான் கணக்கு. அங்கே வேலை செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் உட்கார 1906-இல் ஒரு பூங்கா போட்டார். இன்றைய ஹெர்ஷிபார்க் அதுதான். முதல் கோஸ்டர் 1923-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் மரநிழல், பாட்டுக் கச்சேரி, படகு.

அவருக்கும் மனைவி கேத்தரினுக்கும் குழந்தை இல்லை. 1909-இல் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார்கள். மனைவி 1915-இல் இறந்தார். 1918-இல் தன் சொத்தில் பெரும்பகுதியை அந்தப் பள்ளியின் அறக்கட்டளைக்கே எழுதிவைத்துவிட்டார். பள்ளி இப்போதும் நடக்கிறது, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தங்குமிடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். பார்க்கை நடத்தும் நிறுவனமும் அந்த அறக்கட்டளையின் கையில்தான். நாம் வாங்கும் டிக்கெட்டில் கொஞ்சம் அங்கே போய்ச் சேருகிறது. இது தெரிந்த பிறகு எனக்கு டிக்கெட் விலை அவ்வளவாக உறுத்தவில்லை.

ஜூன் 10, காலை

நேற்று எழுதியதில் ஒரு பாதியை விட்டுவிட்டேன், ராத்திரி அது மனசில் அரித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பள்ளி முதலில் எல்லா அநாதைப் பிள்ளைகளுக்கும் என்று இல்லை. வெள்ளையினப் பையன்களுக்கு மட்டும் என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தது. நிறத்தின் பேரால் இருந்த தடையும், பெண் பிள்ளைகளுக்கு இருந்த தடையும் விலக 1960-களின் கடைசியும் 1970-களும் ஆயிற்று. 1937-இல் தொழிற்சாலைக்குள் உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தவர்களை, பால் விற்க முடியாமல் தவித்த விவசாயிகளும் மற்றவர்களும் சேர்ந்து அடித்து வெளியேற்றிய சம்பவமும் அந்த ஊரில் நடந்திருக்கிறது.

பெரியவனிடம் இதையும் சொன்னேன். "நல்லவரா கெட்டவரா, ஒண்ணு சொல்லு" என்றான். செய்ததையெல்லாம் சொல்லியிருக்கிறேன், நீயே யோசி என்றேன். எட்டு வயசுப் பையனுக்கும் சொல்லலாம். புரியும்.

ஜூன் 14

உங்கள் பையனுக்குக் கூடைப்பந்து பிடிக்குமா? பார்க்குக்குப் பக்கத்தில் பழைய உள்ளரங்கம் ஒன்று நிற்கிறது. வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தது அதற்குள்தான், 1962 மார்ச் 2. பெரியவன் கோஸ்டரைவிட அந்தக் கட்டடத்தைத்தான் அதிக நேரம் நின்று பார்த்தான்.

ஜூன் 16, மதியம்

சாப்பிடுகிற விஷயம். ரீஸஸ் என்றால் முழுக்க நிலக்கடலை, பார்க் எங்கும் அதுதான். உங்கள் வீட்டில் யாருக்காவது கடலை ஒவ்வாமை இருந்தால் போவதற்கு முன்னாலேயே விசாரித்துக்கொண்டு போங்கள், கையில் மருந்து இருக்கட்டும். ரீஸஸைக் கண்டுபிடித்த ரீஸ் முதலில் ஹெர்ஷியின் பால் பண்ணையில் வேலை பார்த்தவர். 1928-இல் அந்தக் கடலை வெண்ணெய்க் கோப்பையைச் செய்தார். 1963-இல்தான் ரீஸஸ் ஹெர்ஷியோடு சேர்ந்தது. அம்மா ஒரு கடி கடித்துவிட்டு, "கடலை உருண்டையை அரைச்சு உள்ள வச்சுட்டான்" என்றார். அவருக்கு அங்கே பிடித்த ஒரே மிட்டாய் அதுதான்.

சைவக்காரர்களுக்கு: ட்விஸ்லர்ஸில் விலங்கிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் இல்லை, கோதுமை மாவு உண்டு. ஜாலி ராஞ்சரில் கடித்து உடைக்கிற கெட்டி மிட்டாயில் ஜெலட்டின் இல்லை, ஆனால் அதே பெயரில் வரும், மென்று தின்கிற ஜெல்லி மிட்டாயில் (gummies) உண்டு. பாக்கெட்டைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் காருக்கே திரும்பி வந்தோம். புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு. காரின் பின்கதவைத் தூக்கிவிட்டு அந்த நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். திரும்ப உள்ளே போவதற்கு என்ன வழி என்பதை வெளியே வரும்போதே வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் 21

"சாக்லேட் புளிக்கிறதே, கெட்டுப்போனதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கெட்டுப்போகவில்லை. ஹெர்ஷி சாக்லேட்டில் ஒரு லேசான புளிப்பு எப்போதுமே உண்டு, பாலைப் பக்குவப்படுத்துகிற விதத்தில் வருவது. அமெரிக்கர்கள் அந்தச் சுவையோடுதான் வளர்கிறார்கள். வேறு சாக்லேட் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு உடனே தெரியும். அம்மா வாயில் போட்டதும் "மோர் வாசனை வருதே" என்றார். என் பிள்ளைகளுக்கு நான் எவ்வளவு சொல்லியும் தெரியவில்லை. அவர்களுக்குச் சாக்லேட் என்றாலே இதுதான்.

ஜூலை 12, 2025, இரவு 11:40

இதையெல்லாம் எழுதி எழுதி எங்களுக்கே ஆசை வந்துவிட்டது. முந்தாநாள் போய்விட்டு வந்தோம், இந்த முறை நாங்கள் நான்கு பேர் மட்டும். பெரியவனுக்கு 11, சின்னவளுக்கு 7. எழுதியது எதெல்லாம் தப்பு என்று பார்க்கவும் ஒரு வாய்ப்பு.

அளவுப் பலகையிலிருந்து சொல்கிறேன். பெரியவன் 56 இன்ச், ட்விஸ்லர்ஸ். சின்னவள் போன வாரமே வீட்டில் தானே அளந்துகொண்டாள். குடுமியை அவிழ்த்துவிட்டு, சுவரோடு ஒட்டி நின்று, தலைமேல் கணக்குப் புத்தகத்தைத் தட்டையாக வைத்து, அண்ணனைக் கோடு போடச் சொன்னாள். 47-ம் சொச்சமும். 48 வரவில்லை. இரண்டாவது முறை அளக்கவும் இல்லை. அங்கே போனதும் பலகையில் இருந்த ரீஸஸ் படத்தைக் காட்டி, "இந்த வருஷமும் நான் இதுதான்" என்று அப்பாவிடம் சொன்னாள். நான் வாயே திறக்கவில்லை.

பெரியவனுக்கு கேண்டிமோனியம் என்ற பெரிய கோஸ்டரில் ஏற வேண்டும், 2023-இலிருந்து காத்திருக்கிறான். அப்போது அவன் 52 இன்ச். அதற்கு 54 வேண்டும். 2020-இல் திறந்தது, 210 அடி உயரம், மணிக்கு 76 மைல். கணவருக்குத் தலைசுற்றல் உண்டு, அதனால் நான்தான் துணை. எனக்கு உயரம் என்றால் பயம். அவனிடம் சொல்லவில்லை.

இடுப்புக்கு மேலே எதுவும் கிடையாது. மடியில் ஒரு தடுப்பு, அவ்வளவுதான். தோளைப் பிடிக்க ஒன்றும் இல்லை என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. சங்கிலி இழுக்க இழுக்கக் கீழே மனிதர்களின் தலைகள் சின்னதாகிக்கொண்டே வந்தன. ராட்டினத்தின் கூரை தெரிந்தது. உச்சியில் ஒரு கணம் சத்தமே இல்லை, சங்கிலியின் சத்தமும் நின்றுவிட்டது. அப்போது பெரியவன் என் பக்கம் திரும்பாமலேயே கையை நீட்டி என் கையைப் பிடித்தான். ரோட்டில் கையைக் கொடு என்றால் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்கிற பையன். அதன் பிறகு வந்த மேடு ஒவ்வொன்றிலும் உடம்பு இருக்கையை விட்டு எழும்பி எழும்பி உட்கார்ந்தது. இறங்கும்வரை கையை விடவில்லை. இறங்கியதும் விட்டுவிட்டான், நானும் ஒன்றும் கேட்கவில்லை.

சின்னவள் அதே நேரத்தில் அப்பாவோடு காமெட்டில் இருந்தாள். 1946-இல் கட்டிய மரக் கோஸ்டர், 42 இன்ச் போதும். கணவருக்கு அதில் தலை சுற்றவில்லை, சுற்றி வளைக்காமல் போய் வருவதாலோ என்னவோ. மரம் கடகடவென்று அதிர்வது பல் வரைக்கும் தெரியும். "பழைய பஸ் மாதிரி இருக்கும்மா, சூப்பரா இருக்கு" என்று ஓடி வந்து சொன்னாள். 2023-இல் அரை இன்ச்சில் அவளுக்குத் தவறிப் போனது இந்தக் காமெட்தான்.

ஜூலை 13, காலை

திருத்தங்கள்.

இரண்டாகப் பிரிவது பற்றி நான் எழுதவே இல்லை, அதுதான் முக்கியம். 4 வயசும் 8 வயசும் சேர்ந்து ஏறுகிற ரைடு பாதிதான். மீதிப் பாதி நாள் குடும்பம் இரண்டாகத்தான் நடக்கும். முதல் தடவை நாங்கள் பிரியாமலே இருக்கப் பார்த்தோம். பெரியவன் ஏற ஏற நாங்கள் நான்கு பேரும் கீழே வெயிலில் நின்றோம், யாருக்கும் சந்தோஷம் இல்லை. இந்த முறை காலையிலேயே பேசிக்கொண்டோம். மணி 12-க்கும் 4-க்கும் ராட்டினத்தடியில் எல்லோரும் வந்துவிட வேண்டும், நடுவில் அவரவர் பாட்டுக்கு. ராட்டினம் வாசலருகே இருக்கிறது, எங்கிருந்தாலும் வழி கேட்டு வரலாம், மாமியார் உட்கார்ந்திருக்கவும் இடம் உண்டு. பெரியவர்கள் இருவருக்கும் ஒரே ரைடில் ஏற ஆசை என்றால், ஒருவர் ஏற மற்றவர் குழந்தையோடு நின்று பிறகு மாறிக்கொள்ள வழி உண்டு. ரைடு வாசலில் கேளுங்கள்.

போர்ட்வாக் என்ற தண்ணீர்ப் பகுதியும் அதே டிக்கெட்டில் சேர்த்தி. நான் முன்பு சொல்லாததற்குக் காரணம் 2023-இல் நாங்கள் நீச்சலுடை எடுத்துப் போகவில்லை. காட்டன் சட்டையோடு உள்ளே விட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு போங்கள், மாற்றுத் துணியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் கடைசிச் சில மணி நேரம் உள்ளே விடுகிற சலுகையை 2023-இல் நாங்கள் பயன்படுத்தினோம். உங்கள் டிக்கெட்டுக்கு உண்டா என்று வாங்கும்போதே பாருங்கள். இருந்தால் சின்னவளை அளக்கிற வேலையையும் ராட்டினத்தையும் அன்றைக்கே முடித்துவிடலாம்.

ஜூலை 13, பிற்பகல்

மறந்துவிட்டேன். 4 மணிக்கு ராட்டினத்தடியில் கூடியபோது சின்னவள் பாட்டிக்கு வீடியோ கால் போட்டாள். ஊரில் அப்போது ராத்திரி ஒன்றரை. அம்மா எடுத்துவிட்டார். "பாட்டி, உன் குதிரை எது?" என்று கேட்டு, போனைத் திருப்பி, சுற்றிவரும் குதிரைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். தூக்கக் கலக்கத்திலும் அம்மா, "அது இல்ல, அது இல்ல, அடுத்தது வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாவது சுற்றில் கண்டுபிடித்துவிட்டார். சின்னவள் அதில்தான் ஏறினாள்.

ஜூலை 15

ஊருக்கு வாங்கிப் போகிற சாக்லேட். பெரும்பாலானவை எந்தக் கடையிலும் கிடைப்பதுதான், அங்கே மட்டும் கிடைக்கிற பெரிய அளவுகளை மட்டும் வாங்குங்கள். காரில் விடாதீர்கள். சூட்கேஸில் உருகி மறுபடி இறுகினால் மேலே சாம்பல் பூத்ததுபோல வெள்ளையாகும். அது பூஞ்சை இல்லை, கொக்கோ வெண்ணெய் பிரிந்து மேலே வந்து படிவது. சாப்பிடலாம், பார்க்கத்தான் நன்றாக இருக்காது. 2023-இல் அம்மா அப்படி வெளுத்துப்போன ஒரு பை கிஸ்ஸஸைக் கெட்டுவிட்டதென்று தெருவில் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். நான் போனில் சொன்ன பிறகுதான் கொடுத்தார்.

ஜூலை 17, இரவு 10:10

சனிக்கிழமை கிளம்புகிறீர்கள், சின்னவள் "41 இருக்கலாம், 42 இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக் காலையில், தலை பின்னுவதற்கு முன்னால், சுவரோரம் நிற்க வைத்து, தட்டையான புத்தகம் ஒன்றை உச்சியில் வைத்து அளந்துவிடுங்கள். என்ன வந்ததோ அதை அப்படியே அவளிடம் சொல்லுங்கள். 41 என்றால் கோகோ க்ரூசர் படத்தைக் காட்டி, முதலில் இதில்தான் ஏறப்போகிறோம் என்று சொல்லி வையுங்கள்.